நுரை வந்த இடம்

எஸ்தர் மாஸ்டரிடம் திருமூர்த்தி சீடனாகச் சேர்ந்தது டர்போ வேலை கற்றுக்கொள்ள அல்ல. இனிமேல் யாரிடமும் ஏமாறக் கூடாது என்பதற்காக.

பல வருஷம் டூரிஸ்ட் கார் ஓட்டியவன் அவன். ஒரு நாள் ஊட்டி மலையில் அவன் காரின் டர்போ ஊளையிட்டுவிட்டு நின்றது. புதிது மாட்டினார்கள், அதுவும் நின்றது. மாட்டியவர் பழையதையே தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டிவிட்டார் என்று திருமூர்த்தி சந்தேகப்பட்டான். அடுத்த பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "அப்படியெல்லாம் இல்லீங்க, புதுசுதான்" என்றார். இரண்டு பேரும் கூட்டு என்று முடிவு செய்தான். கடைசியில் காரை விற்றுவிட்டான். வாங்கியவர் ஏன் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டார் என்று இன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

நாற்பத்தைந்து வயதுக்காரனை 'அவன்' என்று சொல்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சீடனுக்கு வயது கிடையாது. குருவுக்கும் கிடையாது. எஸ்தர் மாஸ்டர் அவனைவிட ஒன்பது வயது இளையவர். அதனால் நீலம்பூர் தாண்டி பைபாஸ் ஓரத்தில் இருந்த அந்தப் பட்டறையில் குரு சீடனை 'அண்ணா' என்று கூப்பிட்டார், சீடன் குருவை 'மாஸ்டர்' என்று கூப்பிட்டான். இருவருக்கும் அது பழகிவிட்டது.

சேர்ந்த அன்று மாஸ்டர் கேட்டார்.

"உங்களுக்கு என்னங்ணா தெரியும்?"

"வண்டி ஓட்டத் தெரியுமுங்க. வேலை தெரியாது. ஆனா யாரையும் லேசுல நம்ப மாட்டனுங்க."

வீட்டில் இதே குணத்துக்காகத் தினமும் திட்டு வாங்குகிறவன். பால்காரரிடம் பாலைச் சந்தேகப்படுவான், தண்ணீர் கேன் போடுகிறவரிடம் மூடியைச் சந்தேகப்படுவான். மாமியார் வீட்டிலிருந்து பலகாரம் வந்தால், இப்போது எதற்கு வந்தது என்று கேட்பான். மாஸ்டரும் முகத்தைச் சுளிப்பார் என்றுதான் எதிர்பார்த்தான்.

மாஸ்டர் சிரித்தார்.

"டர்போவுக்கு அந்தக் குணம் வேணும்ணா. ஒவ்வொரு மூட்டையும் சந்தேகப்பட்டாத்தான் இந்த வேலை பண்ண முடியும். நாளைக்கே வந்துருங்க."

அன்று அவன் வீட்டுக்குப் போனபோது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. ஆயுளில் முதல்முறையாக ஒருவர் அவன் சந்தேகத்துக்கு வேலை கொடுத்திருந்தார்.

டர்போ என்பது விளங்காத விஷயம் இல்லை. சைலன்சர் வழியாக வீணாய்ப் போகும் புகையை ஒரு சின்னச் சக்கரத்தின் மேல் மோத விடுவது. அந்தச் சக்கரம் சுற்றினால் அதோடு ஒரே தண்டில் பிறந்த இன்னொரு சக்கரமும் சுற்றும். அது வெளியே இருக்கும் காற்றை வாரி இழுத்து, குழாய்கள் வழியாக எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று அதிகம் போனால் எஞ்சினுக்கு மூச்சு அதிகம், மூச்சு அதிகமானால் இழுவை அதிகம். நடுவில் எங்காவது காற்று கசிந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

பட்டறையில் இன்னொரு சீடன் இருந்தான். ஷாஜகான். திருமூர்த்தியைவிட வயதில் சின்னவன், தொழிலில் மூத்தவன். குனியமுத்தூரிலிருந்து பஸ் மாறி வருவான். அதிகம் பேச மாட்டான், வேலை செய்யும்போது மூக்கால் ஏதோ பாட்டு முனகுவான்.

பேசாதவர்களைத் திருமூர்த்திக்குப் பிடிக்காது. பேசுகிறவன் பொய் சொல்வான், பிடித்துவிடலாம். பேசாதவனை எங்கே பிடிப்பது?

போதாக்குறைக்கு, அவிநாசி ரோட்டில் இதே வேலை செய்யும் போட்டிப் பட்டறை ஒன்று இருந்தது. அந்தப் பட்டறை ஆளோடு ஷாஜகான் பேக்கரியில் டீ குடித்ததைத் திருமூர்த்தி கண்ணால் பார்த்தான்.

"யாரு தம்பி அது?"

"மச்சானுங்ணா. சம்சாரத்தோட அண்ணன்."

பனைமரத்தடியில் உட்கார்ந்து பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் ஊர் சொல்லும். மச்சான் என்ற பதில் திருமூர்த்திக்குப் போதவில்லை. மச்சானாக இருந்தால் கூட்டு இன்னும் பலமாக இருக்குமே என்றுதான் அவன் புத்தி போயிற்று.

இப்படி இருக்கையில் கோத்தகிரியிலிருந்து போஜன் வந்தார். கேரட் விவசாயி. அவருடைய பழைய பெட்ரோல் ஜீப் மூட்டைகளோடு மேட்டுப்பாளையம் இறங்கும்போது குழந்தை மாதிரி ஓடியது, திரும்பி ஏறும்போது கிழவன் மாதிரி நின்று நின்று வந்தது.

"மேல போகப்போகக் காத்து கம்மிங்க. வண்டிக்கு மூச்சு வாங்குது. ஒரு டர்போ வச்சுக் குடுங்க. அறுவடைக்கு எனக்கு வேற வண்டி இல்லீங்க."

மாஸ்டர் ஒத்துக்கொண்டார். வேலையை மூன்று பேருக்கும் பிரித்தார். அந்தப் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. மாட்டியவர்தான் அந்த மூட்டுக்குப் பொறுப்பு. ஒருவர் முடுக்கியதை இன்னொருவர் கேட்காமல் தொடக் கூடாது, திரும்பி வந்த வண்டியில் தன் மூட்டைத் தொடுவதானாலும் மாஸ்டரிடம் சொல்ல வேண்டும்.

டர்போவை எஞ்சினோடு சேர்ப்பது, மூட்டு கசியாமல் நடுவில் கேஸ்கட் தகடு வைப்பது, எண்ணெய்க் குழாய் போடுவது, முன்னால் காற்றைக் குளிரவைக்கும் கூலரை நிறுத்துவது எல்லாம் திருமூர்த்தி. ரப்பர் ஹோஸ்கள், அவற்றின் கிளிப்புகள் ஷாஜகான். டர்போவிலிருந்து கூலருக்குப் போகும் அலுமினியக் குழாய் மாஸ்டர். அந்த ஜீப்பில் இடம் இல்லாததால் கடையில் விற்கும் குழாய் எதுவும் சேரவில்லை. மாஸ்டர் துண்டு துண்டாக வெட்டி, வளைவு வளைவாக வெல்டிங் வைத்துத் தானே ஒன்று செய்தார். வெல்டிங் வரிசை மீன் செதில் போல இருந்தது. வந்துபோன டிரைவர்கள் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள்.

எண்ணெய் ஊற்றி, தண்டை விரலால் சுற்றிப் பார்த்து, கசிவு பார்த்து, போஜனிடம் வண்டியைக் கொடுத்தார்கள். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

போனவர் திரும்பி வந்தார்.

"மூணு நாலு தடவை நல்லா ஏறுச்சுங்க. இப்ப கொண்டை ஊசியில நிக்குது."

பானெட்டைத் திறந்தார்கள். ஒரு ஹோஸின் கிளிப் தளர்ந்திருந்தது. ஷாஜகான் போட்ட கிளிப்.

"சரியா முடுக்கினயா?" என்றார் மாஸ்டர்.

"முடுக்கினேன் மாஸ்டர்."

"பின்ன எப்படித் தளர்ந்துச்சு?"

ஷாஜகானுக்குக் காது மடல் சிவந்தது. மறுபடி முடுக்கினான். ஒரு திருடன் அகப்பட்டதும் வேறு திருடன் உண்டா என்று யாரும் தேடவில்லை. வண்டி மலை ஏறியது.

மறுபடியும் திரும்பி வந்தது.

இந்த முறை போஜன் கும்பிடவில்லை. ஜீப்பை விட்டுவிட்டு, "கேரட்டு மண்ணுக்குள்ளயே வெடிச்சுக்கிட்டு இருக்குதுங்க. நாளன்னிக்கு வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். மாஸ்டருக்கு அது சுருக்கென்று தைத்தது. டர்போவில் அழுத்தம் எப்போது போதும் என்று முடிவு செய்கிற சின்னக் கம்பி ஒன்று உண்டு. அதன் மரையை அரைச் சுற்று ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் ஏறவில்லை.

திருமூர்த்திக்கு மூக்கு வியர்த்தது. கம்பியில் இல்லை குற்றம், ஆளில் இருக்கிறது என்று அவனுக்கு உறுதியாகத் தெரிந்தது. நல்லா ஏறிய வண்டி ஏன் நிற்கிறது? யாரோ தளர்த்துகிறார்கள். யார் தளர்த்துவார்கள்? இந்தப் பட்டறைக்குக் கெட்ட பேர் வந்தால் அவிநாசி ரோட்டில் யாருக்கு லாபம்?

அன்று சாயங்காலம், எல்லோரும் கிளம்பும் நேரத்தில், திருமூர்த்தி ஒரு காரியம் செய்தான். வெள்ளை பெயின்ட் பேனாவை எடுத்து, ஷாஜகான் போட்ட ஒவ்வொரு கிளிப்பின் திருகிலும் ஒரு கோடு இழுத்தான். கோடு பாதி திருகின் தலையில், பாதி கிளிப்பின் மேல். திருகு அசைந்தால் கோடு உடையும். பட்டறைக்காரர்கள் முக்கியமான போல்ட்டுகளுக்குச் செய்கிற வேலைதான் இது. ஆளைப் பிடிக்க யாரும் செய்ததில்லை.

மறுநாள் காலை, மாஸ்டருக்கு முன்னால் வந்துவிட்டான். ஷாஜகான் அவனுக்கும் முன்னால் வந்திருந்தான். ஜீப்பின் பானெட் திறந்திருந்தது. ஷாஜகான் உள்ளே குனிந்திருந்தான், கையில் ஸ்குரூடிரைவர். பாட்டு முனகவில்லை.

திருமூர்த்தி சத்தம் போடவில்லை. ஷாஜகான் கை கழுவப் போகும்வரை மறைவில் நின்றான். பிறகு வந்து பார்த்தான். இரண்டு கோடுகள் உடைந்திருந்தன.

அவனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆயுள் முழுக்கச் சந்தேகப்பட்டவன் அவன், ஒருமுறைகூட யாரையும் கையும் களவுமாகப் பிடித்ததில்லை. பால்காரர் பாலில் தண்ணீர் கலந்ததை இன்றுவரை நிரூபிக்க முடியவில்லை. இதோ, இரண்டு வெள்ளைக் கோடுகள் சாட்சி சொல்கின்றன.

மாஸ்டர் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே வாசலுக்கு ஓடினான்.

"மாஸ்டர், கிளிப்பை இவன்தானுங்க தளர்த்தறான். நேத்துப் பொழுதோட நான் கோடு போட்டு வச்சேன். இன்னிக்கு உடைஞ்சு கெடக்குது. கண்ணால பாத்தனுங்க, ஸ்குரூடிரைவரும் கையுமா நின்னான்."

மாஸ்டர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். முகத்தில் என்ன ஓடியது என்று திருமூர்த்திக்குப் புரியவில்லை. கோபம் என்று எடுத்துக்கொண்டான்.

"ஷாஜகான்."

அவன் ஈரக் கையோடு வந்தான்.

"கிளிப்பைத் தொட்டயா?"

"தொட்டேன் மாஸ்டர். அது வந்து, சூடாகி ஆறினா..."

"சொல்லிட்டுத் தொட்டயா?"

ஷாஜகான் தலை குனிந்தான். தேள் கொட்டிய திருடன் என்று திருமூர்த்தி மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

"முடுக்கத்தான் மாஸ்டர் வந்தேன்."

"முடுக்கறவன் எதுக்குப்பா ஆள் வர்றதுக்கு முந்தி வரணும்?" என்று திருமூர்த்தி குறுக்கே விழுந்தான். "மச்சானைப் பாக்கப் போறப்பவும் இப்படித்தான் ஒளிஞ்சு போவயா?"

ஷாஜகான் அவனைப் பார்க்கவில்லை. மாஸ்டரையே பார்த்தான். அவர் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தான்.

மாஸ்டர் கேட்கவில்லை.

"நீ போ ஷாஜகான்."

"மாஸ்டர்?"

"போ. நாளைக்கும் வர வேண்டாம்."

ஷாஜகான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டான். பிறகு உள்ளே போனான். அவன் பயன்படுத்தும் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அதனதன் ஆணியில் மாட்டினான். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். அவன் பையின் வாய் திறந்திருக்கிறதா, உள்ளே பட்டறைச் சாமான் ஏதாவது தெரிகிறதா என்று திருமூர்த்தி எட்டிப் பார்த்தான். டிபன் பாக்ஸும் ஒரு துண்டும்தான் தெரிந்தன.

அவன் பைபாஸைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் நிற்பது பட்டறையிலிருந்தே தெரிந்தது. பஸ் வர நேரமாயிற்று. மாஸ்டர் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"கிளிப்பையெல்லாம் நீங்களே முடுக்கிருங்ணா."

திருமூர்த்தி ஒவ்வொன்றாக முடுக்கினான். அந்த இரண்டு கிளிப்புகளும் ஏற்கெனவே இறுகித்தான் இருந்தன, திருகு இம்மி நகரவில்லை. நாம் வருவதைப் பார்த்து அவசரமாக மறுபடி முடுக்கிவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டான். சந்தேகத்துக்கு எதையும் தனக்கேற்ப விளக்கிக்கொள்ளத் தெரியும்.

இருவரும் ஜீப்பை எடுத்துக்கொண்டு பைபாஸ் மேம்பாலத்தில் ஏறினார்கள். பின்னால் மணல் மூட்டை. மாஸ்டர் ஓட்டினார், திருமூர்த்தி மீட்டரைப் பார்த்தான். முள் கொஞ்சம் எழுந்தது, தயங்கியது, படுத்துக்கொண்டது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனார்.

மேம்பாலத்தை இறங்கித் திரும்பி வந்தார்கள். பட்டறைக்குள் வண்டியை நிறுத்திய பிறகு திருமூர்த்தி மெதுவாகக் கேட்டான்.

"வேற எதையாச்சும் தளர்த்தியிருப்பானுங்களா மாஸ்டர்?"

"இருக்கலாம்."

"எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

மாஸ்டர் பானெட்டைத் திறந்தார். டர்போ காற்றை இழுக்கும் வாயை மூடி போட்டு அடைத்தார். எஞ்சினுக்குள் காற்று போகும் இடத்தில் ஹோஸைக் கழற்றி அங்கேயும் அடைத்தார். இப்போது நடுவில் இருக்கும் குழாய்கள் எல்லாம் சேர்ந்து இரண்டு பக்கமும் கட்டிய பலூன் மாதிரி ஆயிற்று. கம்ப்ரசரிலிருந்து கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு, வழியைப் பூட்டினார். மீட்டரில் முள் ஏறி நின்றது. பிறகு நகர ஆரம்பித்தது. மெல்ல மெல்லக் கீழே வந்தது.

சோப்புத் தண்ணீர் கலந்த ஸ்பிரே பாட்டிலை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"எங்க காத்து போகுதோ அங்க நுரை வரும். தெளிங்ணா."

திருமூர்த்தி நேராக ஷாஜகான் போட்ட முதல் கிளிப்புக்குப் போனான். தெளித்தான், குனிந்து பார்த்தான். ஒன்றும் இல்லை. இரண்டாவது. ஒன்றும் இல்லை. உடைந்த கோடு இருந்த கிளிப்பில் பாட்டிலைப் பக்கத்தில் வைத்து, எறும்புப் புற்றுக்கு மருந்து அடிப்பதுபோல அடித்தான். சோப்புத் தண்ணீர் வழிந்து தரையில் சொட்டியது. ஒரு குமிழிகூட இல்லை.

மறுபடி முதலிலிருந்து வந்தான். ஷாஜகானுடைய மூட்டுகள் எல்லாம் குளித்துவிட்டு நின்றன.

"இன்னும் இருக்குதே" என்றார் மாஸ்டர்.

"எதுங்க?"

"நீங்க மாட்டினது."

அவன் பாட்டிலைத் திருப்பினான். டர்போவின் வாயில் தெளித்தான். கூலரின் இரண்டு முனையிலும் தெளித்தான்.  நுரை வந்தால் என்ன சொல்வது என்று அதற்குள் யோசித்துவிட்டான். கேஸ்கட்டைக் கடைக்காரர் மட்டமாகக் கொடுத்துவிட்டார் என்று சொல்லலாம்.

நுரை வரவில்லை. பெருமூச்சு விட்டான்.

"எல்லாம் பாத்தாச்சுங்க மாஸ்டர். எங்கியும் இல்லை."

மீட்டர் முள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"எல்லாமா?"

"அவன் மாட்டினது, நான் மாட்டினது. மொத்தமும் பாத்தாச்சுங்க."

"நான் மாட்டினது?"

திருமூர்த்தி சிரித்தே விட்டான்.

"உங்க வேலையில என்னங்க மாஸ்டர் வரப்போகுது!"

மாஸ்டர் சிரிக்கவில்லை.

"தெளிங்ணா."

கோயில் சிலை மேல் எச்சில் தண்ணீர் படுவதைப் போல அவனுக்குக் கூசியது. அந்த அலுமினியக் குழாயின் மேல் பட்டும் படாமலும் இரண்டு தடவை தெளித்தான். மீன் செதில்கள் ஈரத்தில் மின்னின. மேலே ஒன்றும் இல்லை. விட்டால் போதும் என்று நிமிரப் போனான்.

"அடிப்பக்கம்."

குனிந்தான். கையை உள்ளே விட்டு, வளைவின் அடியில் தெளித்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

வளைவின் அடியில், வெல்டிங் ஓரத்தில், வெள்ளையாக ஒரு வரிசை முளைத்தது. சோறு பொங்குவது மாதிரி ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு குமிழிகள் வந்தன. விரல் நீளத்துக்கு மயிரிழையாக ஒரு வெடிப்பு.

திருமூர்த்தி ஒரு நொடி அப்படியே இருந்தான். பிறகு, தன்னை அறியாமல், சட்டைக் கையால் அந்த நுரையைத் துடைத்தான்.

தன் நிழலைக்கூட நம்பாதவன் அவன். சொந்த மாமியாரின் முறுக்கைச் சந்தேகப்பட்டவன். நுரை மறுபடி வந்தது. மறுபடி துடைத்தான்.

"துடைக்காதீங்ணா" என்றார் மாஸ்டர், பின்னாலிருந்து.

அவன் விலகிக்கொண்டான். மாஸ்டர் குனிந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். கம்ப்ரசரிலிருந்து விட்ட காற்று முழுவதும் போய், நுரை அடங்கி, முள் பூஜ்யத்தில் உட்காரும்வரை பார்த்தார்.

"சோதனைங்களா மாஸ்டர்?" என்றான் திருமூர்த்தி. அவன் குரலில் கெஞ்சல் இருந்தது. "இந்த வெடிப்பு உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா? எனக்குப் புத்தி வரட்டும்னு வேணுமின்னே விட்டீங்களா?"

கதைகளில் வரும் குருமார்கள் அப்படித்தான் செய்வார்கள். அப்படி இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று அவன் மனது அடித்துக்கொண்டது. அப்படி இருந்தால் ஷாஜகானும் விளையாட்டுக்குத்தான் போயிருப்பான். சுவருக்குப் பின்னாலிருந்து சிரித்துக்கொண்டே வருவான்.

"காலங்காத்தால வேலை போச்சுன்னு சம்சாரத்துகிட்டச் சொல்லிட்டு உக்காந்திருப்பான்" என்றார் மாஸ்டர். "அதுல என்னங்ணா சோதனை?"

திருமூர்த்தி பாட்டிலைக் கீழே வைத்தான்.

"இந்தக் குழாயை வச்ச அன்னிக்கே, ஆடும், அடியில ஒரு பட்டை குடுத்துத் தாங்கலாம் மாஸ்டர்னு சொன்னான். என் வெல்டிங்குக்கு எதுக்குடா முட்டுன்னு கேட்டேன். நீங்களும் சிரிச்சீங்க."

சிரித்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. இவனுக்கு எதற்கு இந்த அக்கறை என்று சந்தேகப்பட்டதும் ஞாபகம் வந்தது.

மாஸ்டர் ஈரமாக இருந்த கிளிப்பைக் காட்டினார்.

"நீங்க போட்ட கோடு. எந்தப் பக்கம் நகர்ந்திருக்குது?"

திருமூர்த்தி பார்த்தான். கோடு உடைந்திருக்கிறது என்பதைத்தான் காலையில் பார்த்தான். எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. திருகின் தலையில் இருந்த பாதிக் கோடு வலது பக்கம் போயிருந்தது. முடுக்கினால்தான் அந்தப் பக்கம் போகும். புது ரப்பர் சூடாகி ஆறினால் கொஞ்சம் இளகும், இன்னொரு தரம் முடுக்க வேண்டும். ஒருமுறை தளர்ந்து போஜன் முன்னால் தலை குனிந்தவன், மறுமுறை குனிய வேண்டாம் என்று யாரும் வருவதற்கு முன்னால் வந்து முடுக்கியிருக்கிறான். அவ்வளவுதான்.

அவன் அப்படியே ஜீப்பின் பம்பரைப் பிடித்துக்கொண்டான்.  காலையில் வந்த சந்தோஷத்தை நினைத்தபோது அவனுக்குத் தன்னையே பிடிக்கவில்லை.

ஆனால் பழக்கம் விடுமா? அந்த நிலையிலும் ஒரு கேள்வி அவனுக்குள் தலை தூக்கியது.

"மாஸ்டர், நான் முட்டாளுங்க. பாக்கல. நீங்க ஏனுங்க காலையில வந்து பாக்கல? ஒரு நிமிஷம் கூட ஆகாதே."

பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து மாஸ்டரைப் பார்த்து அவன் கேட்ட முதல் சந்தேகம் அது.

 சுவரில் ஷாஜகானின் ஸ்பேனர்கள் வரிசையாகத் தொங்கின. மாஸ்டர் அந்தப் பக்கம் பார்த்தார்.

"கிளிப்பு சரியா இருந்தா, அடுத்து என் குழாயைப் பாக்க வேண்டி வரும்லங்ணா" என்றார்.

வெளியே பைபாஸில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. மாஸ்டர் கையைத் துடைத்தார். ஹெல்மெட்டையும் ஸ்கூட்டர் சாவியையும் எடுத்தார்.

"நான் போறனுங்க மாஸ்டர்" என்று திருமூர்த்தி முன்னால் வந்தான். "காலுல விழுந்தாவது கூட்டிட்டு வந்தர்றேன். சந்தேகப்பட்டது நான்தானுங்களே."

"சந்தேகப்பட்டது நீங்க. போகச் சொன்னது நான்."

"வருவானுங்களா?"

"தெரியல."

ஸ்கூட்டர் கிளம்பியது. வாசல்வரை கூடவே நடந்தான் திருமூர்த்தி.

"அப்ப நான் என்னங்க பண்றது, மாஸ்டர்?"

மாஸ்டர் காலை ஊன்றி வண்டியை நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"பாட்டில்ல சோப்புத் தண்ணி கலக்கி வைங்ணா. அவன் வந்தான்னா, அவன் கையில குடுங்க, நம்ம மூட்டையெல்லாம் அவன் பாக்கட்டும். நாம ரெண்டு பேரும் தள்ளி நிப்போம்."